இருபது மைக்ரான் பஞ்சாயத்து!

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கினா முதல்ல என்ன வாங்குவீங்க? கடலை மிட்டாய்தான்! 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின சரக்காச்சே. வெல்லப்பாகு, நிலக்கடலை, ஒரே கடி... ‘கடக்’! உடைஞ்சது கடலைன்னா சந்தோஷம். உடைஞ்சது உங்க கடைவாய்ப் பல்லுன்னா?

பல் டாக்டர்கிட்ட ஓடுவீங்க. பார்த்துட்டு, “கேப் போட்டுக்கலாம்”னு சொல்வார். அச்சு எடுப்பார். ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்வார். போய் உட்கார்ந்தா, ஒரு குட்டி டப்பாவுல உங்க பல் தயாரா இருக்கும். சரி, அந்த ஒரு வாரம் உங்க பல் எங்கே போயிட்டு வந்ததுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

டென்டல் லேபுக்கு! டாக்டர் பேரு போர்டுல இருக்கும், லேப்ல வேலை பார்க்கிறவர் பேரு எங்கேயும் இருக்காது. அவருக்கு 1948-ம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டம் வெச்ச பேரு என்ன தெரியுமா? டென்டல் மெக்கானிக்! மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் மக்கள் தாராளமா காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். ஏன்னா அந்த லேப்ல நடக்கிறது பாதி மருத்துவம்னா, மீதி நம்ம செகண்ட் இயர் மெட்ராலஜி லேப்.

விஷயம் இதுதான். உங்க பல்லுக்கு எவ்வளவு மெல்லிசான பொருள் வரைக்கும் தெரியும்னு நினைக்கிறீங்க? தலைமுடி தோராயமா 70 மைக்ரான். கடிச்சுப் பாருங்க, ‘நறுக்’னு தெரியும். அதைவிடக் குறைஞ்சு, சுமார் 20 மைக்ரான் தடிமன் இருக்கிற தகடு நடுவுல வந்தாலே பலருக்கு ‘ஏதோ இருக்கே’ன்னு உறுத்தும். பல் நேரா எலும்புல நட்டு வெச்ச ஆணி இல்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு நார்ப்படலம் இருக்கு. அது முழுக்க நரம்பு முனை. வாய்க்குள்ளயே ஒரு டயல் கேஜ்!

அப்போ லேப்ல செஞ்ச கேப் 100 மைக்ரான் உசரமா வந்துட்டா? ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான். ஆனா ஒவ்வொரு வாய் சோத்துக்கும் அந்த ஒரு பல்லுதான் முதல்ல அடி வாங்கும். வலிக்கும், எதிர்ப் பல் கூசும், தாடை இழுக்கும். டாக்டர் வாயிலேயே வெச்சு ராவி உசரத்தைக் குறைப்பார். சிர்கோனியா கேப்னா அங்கேயும் ஒரு வில்லங்கம். ராவின இடத்தைத் திரும்ப வழவழன்னு பாலிஷ் பண்ணலைன்னா, அது உப்புத்தாள் மாதிரி எதிர்ப் பல்லைத் தேய்க்கும். ரொம்ப மோசம்னா கேப்பைத் திருப்பி லேபுக்கே அனுப்பணும். விளாத்திகுளம் பக்கத்துல இருந்து தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு வந்த அக்காவுக்கு இன்னொரு நாள் கூலி போச்சு, இன்னொரு பஸ் டிக்கெட் போச்சு. லேப்காரருக்கு? ரீமேக்குக்குப் பொதுவா காசு கிடையாது. ரெண்டாவது தடவை சும்மா செஞ்சு கொடுக்கணும்.

அதனாலதான் இந்தக் கட்டுரை. கேப் எப்படிச் செய்யறாங்கங்கிறதைவிட, அதைச் செய்யற கருவிகளை எப்படி நேரா வெச்சுக்கிறாங்கங்கிறதுதான் எனக்கு சூப்பர் மேட்டரா பட்டுது. அதுவும் நம்ம கரிசல் காட்டுல!

இரும்புத் தாடை

லேபுக்குள்ள நுழைஞ்சதும் மேஜை மேல வரிசையா இரும்புத் தாடைகள் வாயைப் பிளந்துட்டு உட்கார்ந்திருக்கும். பயப்படாதீங்க. அதுக்குப் பேரு ஆர்டிகுலேட்டர். உங்க மேல்வரிசை, கீழ்வரிசை மாடல்களை அதுல பிளாஸ்டரால ஒட்டி, நீங்க மெல்லுற மாதிரியே மென்னு பார்ப்பாங்க.

இதுக்குப் பின்னாடி ஒரு அழகான ஜியோமெட்ரி இருக்கு. 1800-கள்ல வில்லியம் பான்வில்னு ஒரு அமெரிக்கப் பல் மருத்துவர், காதுக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு தாடை மூட்டுக்கும் கீழ் முன்பற்கள் சந்திக்கிற இடத்துக்கும் கோடு போட்டார். கிட்டத்தட்ட 4 அங்குலப் பக்கம் உள்ள சமபக்க முக்கோணம்னு சொன்னார். எல்லார் மூஞ்சியும் அவ்வளவு ஒழுங்கா இருக்காதுங்கிறது அப்புறம் தெரிஞ்ச கதை. ஆனா மூணு புள்ளி கிடைச்சா ஒரு தளம் கிடைச்சுடுங்கிற ஐடியா இன்னைக்கும் அந்த இரும்புத் தாடைக்குள்ள இருக்கு. பின்னாடி ரெண்டு கீல், முன்னாடி ஒரு ஊசி. ஆச்சி வீட்டு அடுப்புக்கு ஏன் மூணு கல்லு? நாலு கல்லு வெச்சா ஒண்ணு தூக்கிக்கும், சட்டி ஆடும். மூணு கல்லு எப்பவுமே ஆடாது. அதே லாஜிக்! இந்த அடுப்பைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வேணும்.

இந்தத் தாடைக்கு வர்ற முக்கால்வாசி வியாதி சாதாரணத் தூசிதான். மாடல் உட்கார்ற தட்டுக்கும் பிரேமுக்கும் நடுவுல காய்ஞ்ச பிளாஸ்டர் ஒரு பொடி மாட்டிக்கிட்டா, அந்தப் பக்கம் மாடல் அப்படியே தூக்கும். பொடி 100 மைக்ரான்னா கேப்பும் அந்தப் பக்கம் கிட்டத்தட்ட அவ்வளவு தப்பும். பிளாஸ்டரும் லேசுப்பட்டதில்லை. இறுகும்போது கொஞ்சம் விரியும். சாதா பிளாஸ்டர் 0.3 சதவீதம் வரைக்கும் விரியும். 3 சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி மாடலை ஒட்டினா என்ன ஆகும்? கணக்குப் போடுங்க, 90 மைக்ரான்! பல்லுக்குத் தெரியறதே இருபது. அதனாலதான் விவரமான டெக்னீஷியன்கள் மாடலை ஒட்டறதுக்கு விரிவு கம்மியான பிளாஸ்டரைத் தேடி வாங்கி, கனத்தைக் குறைச்சு, ரெண்டு தவணையா ஊத்துவாங்க.

செக் பண்றது எப்படி? கீலைப் பூட்டு, முன் ஊசியை ஜீரோவுல வை. ஊசி நுனிக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவுல ஷிம்ஸ்டாக்னு ஒரு தகடு, வெறும் 8 மைக்ரான் கனம், அதைச் சொருகி இழு. பிடிச்சுக்கிட்டா ஓகே. வழுக்கிட்டு வந்தா ஊசி தொடலைன்னு அர்த்தம். அடுத்து, கீல்ல ஆட்டம் இருக்கான்னு மேல் பாகத்தைப் பிடிச்சுப் பக்கவாட்டுல அசைச்சுப் பார்க்கணும். ‘லொடக்’னா முடிஞ்சது கதை. ஒரு தடவை கீழே விழுந்த ஆர்டிகுலேட்டரை, பார்க்க நல்லா இருக்குன்னு நம்பி அப்படியே யூஸ் பண்ணக் கூடாது.

இன்னொரு பஞ்சாயத்து, கிளினிக்ல ஒரு தாடை, லேப்ல ஒரு தாடை. ரெண்டும் ஒரே கம்பெனியா இருந்தாலும் ஒண்ணுல ஒட்டின மாடல் இன்னொண்ணுல அதே இடத்துல உட்காரும்னு கேரன்ட்டி கிடையாது. அதுக்கு ஒரு சூப்பரான டெஸ்ட் இருக்கு. மாடலோட அடியில பள்ளம் வெட்டி, ரெண்டு துண்டா பிரியற மாதிரி பிளாஸ்டர் ஊத்துவாங்க. ‘ஏ’ தாடையில ஒட்டினதை ‘பி’ தாடைக்கு மாத்திச் சேர்த்துப் பார்த்தா, ரெண்டு துண்டும் முடி நுழையாம சேரணும். இடைவெளி தெரிஞ்சா ரெண்டு தாடையும் ஒண்ணில்லை. கோவில்பட்டி மாதிரி ஊர் கிளினிக்ல இருந்து மாடல்கள் பார்சலா மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போற ரூட்ல இந்த டெஸ்ட்டுக்கு மதிப்பு ஜாஸ்தி. ஒரே ரூம்ல இருந்தா, எழுந்து போய்க் கேட்டுக்கலாம். அறுபது, நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தா?

கால் பங்கு பெரிய பல்

1907-ல் வில்லியம் டாகார்ட்ங்கிறவர் மெழுகை உருக்கி வெளியேத்தி, அந்த இடத்துல தங்கத்தை ஊத்திப் பல் அடைப்பு செய்யற முறையை அறிவிச்சப்ப, பல் மருத்துவ உலகமே ‘ஆஹா’ன்னுச்சு. நம்ம சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்கிறதும் இதே மெழுகு டெக்னிக்தான், பல தலைமுறையா! இன்னைக்கு அந்த இடத்துக்கு கேட்-கேம் மெஷின் வந்தாச்சு. மாடலை ஸ்கேன் பண்ணு, கம்ப்யூட்டர்ல பல்லை வரை, சிர்கோனியா வட்டைச் செதுக்கு.

இதுல ஒரு கூத்து. செதுக்கும்போது சிர்கோனியா சாக்பீஸ் மாதிரி இருக்கும். அப்புறம் சுமார் 1,500 டிகிரியில சுடும்போது நீளத்துல ஐந்துல ஒரு பங்கு சுருங்கிடும். அதனால மெஷின் உங்க பல்லைக் கால் பங்கு பெரிசா செதுக்கும். பார்த்தா குதிரைப் பல் மாதிரி இருக்கும். எவ்வளவு சுருங்கும்ங்கிற நம்பர் ஒவ்வொரு வட்டுக்கும் தனி, அதுமேலேயே போட்டிருக்கும். பழைய வட்டோட நம்பரைப் புது வட்டுக்குக் கொடுத்தா, செதுக்கினது எவ்வளவு துல்லியமா இருந்தாலும் வேஸ்ட்.

மெஷின் நேரா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மெஷின்கிட்டயே கேட்கிறதுதான்! அளவு தெரிஞ்ச ஒரு டெஸ்ட் துண்டைச் செதுக்கச் சொல்லு, மைக்ரோமீட்டர்ல அள. 10 மில்லிமீட்டர் சொன்னதுக்கு 10.04 வந்திருந்தா, அந்த 40 மைக்ரானை சாஃப்ட்வேருக்குச் சொல்லு, திரும்பச் செதுக்கு, திரும்ப அள. ஆனா இதைத் தொடங்கறதுக்கு முன்னாடி கட்டரைப் பிடிக்கிற காலெட்டைத் துடைக்கணும். அதுல சிர்கோனியா மாவு ஒட்டியிருந்தா கட்டர் மையம் தப்பிச் சுத்தும், வெட்டுற இடமெல்லாம் அகலமா போகும். அழுக்கைத் துடைக்காம கேலிபரேஷன் பண்றது, செருப்போட வெயிட் பார்த்துட்டு டயட் இருக்கிற மாதிரி!

அப்புறம் வெயில். இந்தப் பக்கத்துச் சித்திரை வெயில் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 12 மைக்ரான் நீளும். மெஷினுக்குள்ள 20 சென்டிமீட்டர் நீளத்துல ஒரு எஃகுப் பாகம் இருக்குன்னு வைங்க. காலையில ஏ.சி. போட்டு 26 டிகிரியில கேலிபரேஷன் பண்ணிட்டு, மதியம் கரன்ட் போய் ரூம் 36 டிகிரி ஆனா, அது 24 மைக்ரான் நீண்டிருக்கும். அலுமினியம்னா கிட்டத்தட்ட டபுள். ஆக, கேலிபரேஷன் பண்ண நேரத்து ரூம் வெப்பநிலையையும் நோட்டுல எழுதாத லேப், பாதி விஷயத்தைத்தான் எழுதியிருக்கு.

நடக்குற தரை

இப்போ நம்ம ஊர் ஸ்பெஷல்!

இந்த வட்டாரத்துல வீடு உள்ளவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கோடையில சாதுவா இருக்கிற கதவு, ஐப்பசி மழை முடிஞ்சதும் நிலையில உரச ஆரம்பிக்கும். ஜன்னல் மூலையில இருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும். ‘கொத்தனார் சரியில்லை’ன்னு திட்டுவோம். பாவம் கொத்தனார். வேலையைக் காட்டினது மண்ணு!

கரிசல் மண்ணுல மான்ட்மோரில்லோனைட்னு ஒரு களிமண் கனிமம். புத்தகப் பக்கங்கள் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். தண்ணி பட்டா பக்கங்களுக்கு நடுவுல தண்ணி புகுந்து புத்தகம் உப்பும். காய்ஞ்சா சுருங்கும். அதான் பங்குனி, சித்திரையில கரிசல் காடு ஒரு மீட்டருக்கு மேலகூட ஆழமா வெடிச்சுக் கிடக்கு. விவசாயத்துக்கு இந்தக் குணம் வரம். மழை போன பிறகும் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிறதாலதான் மானாவாரிப் பருத்தியும் சோளமும் விளையுது. 1901-ல் தொடங்கின கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மானாவாரிக்காகவே உழைச்சுக்கிட்டு இருக்கு. ஆனா கட்டடத்துக்கு இதே குணம் தலைவலி.

சந்தேகம்னா நீங்களே செஞ்சு பாருங்க. காய்ஞ்ச கரிசலை 425 மைக்ரான் சல்லடையில சலிச்சு, 10 கிராம் வீதம் ரெண்டு 100 மில்லி அளவு ஜாடியில போடுங்க. ஒண்ணுல தண்ணி, இன்னொண்ணுல மண்ணெண்ணெய். ஒரு நாள் விடுங்க. மண்ணெண்ணெயில மண்ணு சும்மா கிடக்கும், தண்ணியில உப்பிக்கிட்டு மேல வந்திருக்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ். சிவில் மக்களுக்கு லேப்ல ஓசி மார்க் வாங்கித் தர்ற டெஸ்ட்!

இதுக்கு மருந்து கண்டுபிடிச்ச பெரியவங்க நம்ம நாட்டுலேயே இருக்காங்க. ரூர்க்கி சி.பி.ஆர்.ஐ. நிறுவனம் அண்டர்-ரீம்டு பைல்னு ஒண்ணை வளர்த்தெடுத்துச்சு. அடியில குமிழ் மாதிரி அகலமான கான்கிரீட் தூண். ஆழமான கரிசல்னா குறைஞ்சது 3.5 மீட்டர் ஆழத்துக்கு இறக்கணும். அதுக்குக் கீழே மழையும் வெயிலும் ஈரத்தை அவ்வளவா மாத்தாதுங்கிறதுதான் கணக்கு. ஐ.ஐ.டி. பம்பாய் பேராசிரியர் ஆர்.கே.கட்டி இன்னொரு வழி சொன்னார். உப்பாத, ஆனா ஒட்டும் தன்மை உள்ள மண்ணைக் கரிசலுக்கு மேல கெட்டியா ஒரு அடுக்கு போட்டா உப்புறது அடங்கும்னு. ஆனா பஜார்ல வாடகைக்குக் கடை பிடிச்சு லேப் போடறவர், ஓனர்கிட்ட போய், “அண்ணாச்சி, அஸ்திவாரம் எப்படி?”ன்னா கேட்க முடியும்? கிடைச்ச தரையிலதான் மெஷினை வைக்கணும்.

சரி, தரை அசைஞ்சா பல்லுக்கு என்ன? இங்கேதான் ரெண்டு வார்த்தையைப் பிரிச்சுக்கணும். மட்டம் வேற, அலைன்மென்ட் வேற. மட்டம்ங்கிறது பூமிக்கும் கருவிக்கும் உள்ள உறவு. அலைன்மென்ட்ங்கிறது கருவியோட ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் உள்ள உறவு. ஆர்டிகுலேட்டரை மலை மேல சாய்ச்சு வெச்சாலும் அதோட கீலும் ஊசியும் மாறாது. அதுக்குத் தரையைப் பத்திக் கவலையே இல்லை. ஆனா செதுக்குற மெஷினுக்கு நாலு கால். ஆச்சி அடுப்பு ஞாபகம் இருக்கா? தரை லேசா முறுக்கினா நாலுல ஒரு கால் பாரம் தாங்காம சும்மா நிக்கும். ஸ்பிண்டில் திசை மாறும்போதெல்லாம் மெஷின் மெல்ல ஆடும், செதுக்கின பரப்புல வரி வரியா விழும். தரை மொத்தமா ஒரே சாய்வுல சாய்ஞ்சா அவ்வளவு கெடுதல் இல்லை, முறுக்கினாதான் வம்பு. சுவத்தோட சேர்த்து அடிச்ச மேஜை மேல மெஷினை வெச்சிருந்தா இன்னும் மோசம். வெளிச்சுவரு அசையும்போது மேஜையும் சேர்ந்து அசையும்.

ரூம் நடுவுல இருக்கிற தரையும் வெளிச்சுவர் ஓரமா இருக்கிற தரையும் ஒரே மாதிரி நடந்துக்காது. கட்டடத்துக்கு அடியில நடுப்பகுதி வருஷம் பூரா ஓரளவு ஒரே ஈரத்துல இருக்கும். ஓரம்தான் மழையில ஊறும், வெயில்ல காயும். சுவரோரம் வேப்பமரம் இருந்தா அது வேற தண்ணியை உறிஞ்சும். டென்டல் லேப்ல கூடுதலா ஒரு சமாச்சாரம் இருக்கு. மாடலை ராவுற டிரிம்மர் மெஷின் நாள் பூரா தண்ணி கொட்டும். அந்தத் தண்ணிக் குழாயைச் சுவருக்கு வெளியில அப்படியே மண்ணுல விட்டா? அந்த மூலை மட்டும் ஜம்முன்னு உப்பும். லேப்காரர் காசு போட்டுத் தன் தரையைத் தானே தூக்கிவிடறார்!

அதனால கரிசல்ல லேப் வெச்சிருக்கிறவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருந்தா, முதல்ல அந்தத் தண்ணி எங்கே போகுதுன்னு பாருங்க. சுவத்தை விட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடச் சொல்லுங்க. மெஷினைத் தனி ஸ்டாண்டுல, வெளிச்சுவத்தை விட்டு விலக்கி வைக்கச் சொல்லுங்க. கொத்தனார் ரசமட்டம் இதுக்குப் பத்தாது. மெஷின் ஷாப்ல இருக்கிற 0.02 மில்லிமீட்டர் லெவல் வேணும். ஒரு மீட்டருக்கு 20 மைக்ரான் சாய்வைக் காட்டும் அது. நம்ம பழைய நண்பர் இருபது! இதை வெச்சு நீளவாக்குல, குறுக்குவாக்குல பார்த்து, காலைத் திருகி, நாலு காலும் பாரம் தாங்குதான்னு கையால அழுத்திப் பார்க்கணும்.

எப்போ பார்க்கிறது? ‘மாசம் ஒரு தடவை’ன்னு மெஷின் புத்தகத்துல இருக்கிறது தூசிக்கும் கட்டருக்கும் சரி. தரைக்கு நம்ம பஞ்சாங்கம்தான் கரெக்ட். மண்ணு நல்லா வெடிச்சுக் கிடக்கிற சித்திரை, வைகாசியில ஒரு தடவை. வடகிழக்குப் பருவமழை ஊறி முடிஞ்ச மார்கழியில ஒரு தடவை. வருஷத்துல தரை ரொம்பத் தாழ்ந்த நிலையும் ரொம்ப உசந்த நிலையும் இந்த ரெண்டுதான். ரெண்டு அளவையும் ஒரே நோட்டுல, அந்தந்தத் தேதியோட எழுதி வெச்சா, ரெண்டு மூணு வருஷத்துல அந்தக் கடையோட தரை எப்படி மூச்சு விடுதுங்கிறது தெரிஞ்சுடும்.

லெவல் வாங்கக் காசு இல்லையா? லேப்லதான் பிளாஸ்டர் மூட்டை மூட்டையா கிடக்கே! சுவர்ல இருக்கிற விரிசலுக்குக் குறுக்கே ஒரு வில்லை மாதிரி பிளாஸ்டரை அப்பி, மேலே இன்னைய தேதியைப் பென்சில்ல எழுதுங்க. பிளாஸ்டர் இழுவிசைக்குத் தாங்காது. சுவர் கொஞ்சம் விலகினாலே ‘டப்’னு கீறல் விட்டுடும். வில்லை உடைஞ்ச அன்னைக்கு மெஷினை நிறுத்தி ஒரு டெஸ்ட் துண்டு செதுக்கி அளந்தா போதும்.

கோவில்பட்டி நேஷனல் இன்ஜினீயரிங் காலேஜ் 1984-ல் இருந்து இதே கரிசல்ல நிக்குது. ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு டாபிக் இல்லாம சீனியர் ரிப்போர்ட்டைத் தூசு தட்டுற மெக்கானிக்கல், சிவில் மக்களே... ஒரு லேப்காரர் சம்மதிச்சா, ஒரு லெவலும் ஒரு மைக்ரோமீட்டரும் ஒரு நோட்டும் போதும். சித்திரையில ஆரம்பிச்சா மார்கழிக்குள்ள ரீடிங் ரெடி. வைவாவுல எக்ஸ்டர்னல், “இதனால என்னப்பா யூஸ்?”னு கேட்டா, அவருக்கு ஒரு கடலை மிட்டாய் பாக்கெட் கொடுத்துட்டு ரீடிங்கைக் காட்டுங்க.